இடமிருந்து வலம்

இந்த நாற்காலியில உக்காருங்கம்மா, இது ஆடாது. அதுல உக்காராதீங்க, நானே விழப் பாத்தேன். கையில என்ன, ஹாட்பாக்ஸா? சமையல் நிகழ்ச்சிக்கு வந்திருக்கீங்களா? அப்ப இன்னும் நேரமாகும். இங்க யாரையும் சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டதா சரித்திரமே கிடையாது. நான் காலையில வாட்ச்மேன் கேட் திறக்குறப்பவே வந்துட்டேன். நியூஸ் எடிட்டர் மேடத்தைப் பாக்கணும். மீட்டிங்ல இருக்காங்களாம். நான் இங்க வேலை பாத்தப்பவும் அவங்க மீட்டிங்லதான் இருந்தாங்க.

ஆமாம்மா, இங்கதான் வேலை பாத்தேன். குணசீலன்னு பேரு. ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணுக்கு என்னைத் தெரியாது. "எந்த விஷயமா சார்?"னு கேக்குது. பேரை எழுதி வாங்கிக்கிட்டு உக்காரச் சொல்லிச்சு. சின்னப் பொண்ணு, அது என்ன பண்ணும், சொல்லிக்கொடுத்ததைச் செய்யுது.

'கடல் கடந்து' பாப்பீங்களா? உலகச் செய்திம்மா. ஒரு மணிக்கு வருதே, அதான். சீரியல்தான் பாப்பீங்களா, சரி சரி, தப்பில்லை. அந்த நிகழ்ச்சியை ஆரம்பிச்சதே மூணு பேரு. பரஞ்சோதி சார்னு ஒருத்தர் தயாரிப்பாளர். வாசிக்க ஒரு அம்மா. படத்தை வெட்டி ஒட்ட நான். ஒரு சின்ன ரூம், ஒரு டேபிள் ஃபேன். வாரத்துக்கு ஒரு நாள், ராத்திரி அரை மணி நேரம். வெளிநாட்டு ஏஜென்சிக்காரன் படம் அனுப்புவான். ஒரு ஊர்ல பூகம்பம், ஒரு ஊர்ல தேர்தல், ஒரு ஊர்ல பனிக்கரடி குட்டி போட்டிருக்கும். கடைசியில கரடியைப் போடணும், அப்பத்தான் ஜனங்க நிம்மதியா தூங்குவாங்கம்பாரு பரஞ்சோதி சார்.

அவர் வச்ச சட்டம் ரெண்டு. கெட்டியா கேட்டுக்கோங்க, பின்னாடி வேணும்.

முதல் சட்டம், நல்ல ஷாட் சின்னதா இருந்தா மூணு தடவை போடு. கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள போயிடுற ஷாட்டா இருந்தா, முதல் தடவை ஜனங்க பாக்க மாட்டாங்க, ரெண்டாவது தடவை பாப்பாங்க, மூணாவது தடவைதான் மனசுல நிக்கும். இன்னி வரைக்கும் அப்படித்தான் போடுறாங்க. அதை மட்டும் மாத்தலை.

ரெண்டாவது சட்டம், ஓடுறவன் எல்லாம் இடமிருந்து வலமாத்தான் ஓடணும். கலவரம், வெள்ளம், குண்டு, எதுவா வேணா இருக்கட்டும். ஒரு ஷாட்ல ஒருத்தன் இப்படி ஓடி, அடுத்த ஷாட்ல ஒருத்தன் அப்படி ஓடினா, "வீட்ல பாக்குறவன் ரெண்டு பேரும் முட்டிக்குவாங்கன்னு நெனப்பான்யா, திருப்புய்யா"ம்பாரு. ஒரு பட்டனை அமுக்கினா படம் கண்ணாடியில பாக்குற மாதிரி பக்கம் மாறிடும். எழுத்து இருக்கிற போர்டு தெரிஞ்சா மட்டும் திருப்பக் கூடாது, மாட்டிக்குவோம். மத்தபடி எங்க நிகழ்ச்சியில உலகமே இடமிருந்து வலமாத்தான் ஓடிச்சு. கை தானாப் போகும், நான் யோசிக்கவே மாட்டேன். உங்களுக்குப் புளி கரைக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க.

சிரிக்கிறீங்க. சிரிங்க சிரிங்க. நானும் சிரிச்சவன்தான்.

அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு தினசரி ஆச்சு. டிஷ் வந்துச்சு. துபாய், சிங்கப்பூர், கனடான்னு தமிழன் இருக்கிற இடத்துக்கெல்லாம் நிகழ்ச்சி போச்சு. லெட்டர் எல்லாம் வரும், "அண்ணே, இங்க பனியில உக்காந்து உங்க நிகழ்ச்சி பாக்குறோம்"னு. கீழ எழுத்து ஓட ஆரம்பிச்சுது, பின்னாடி டொம் டொம்முனு மியூசிக் போட்டாங்க. படத்தோட வர்ற சத்தத்தை எல்லாம் அழிச்சிட்டு வயலின் போடச் சொன்னாங்க. அழுகை ஒரு பாஷை, கூச்சல் ஒரு பாஷை, நம்ம ஜனங்களுக்கு என்ன புரியப்போகுதுன்னாங்க. நானும் அழிச்சேன். இருபது நாட்டுக்காரன் அழுத சத்தத்தை இந்தக் கையாலயே அழிச்சிருக்கேன்.

இன்னிக்கு என்ன தேதிம்மா? டிசம்பர் இருபத்தாறு. அதேதான். பாருங்க, நீங்களே முகம் மாறிட்டீங்க. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. என் சம்சாரம் மரகதம், எங்க பொண்ணு சிந்து, ரெண்டு பேரும் அரைப்பரீட்சை லீவுக்கு நாகப்பட்டினம் பக்கம் மாமனார் ஊருக்குப் போயிருந்தாங்க. நானும் போறதாத்தான் இருந்துச்சு. வருஷக் கடைசி தொகுப்பு முடிக்கணும்னு பரஞ்சோதி சார் நிறுத்திட்டாரு. காலையில நல்லா டீ குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன், ஏஜென்சிக்காரன் படம் வருது. சுமத்ரான்னான். அப்புறம் இலங்கைன்னான். அப்புறம் நம்ம கரைன்னான். சுனாமிங்கிற வார்த்தையே எங்களுக்குத் தெரியாது, 'கடல் கொந்தளிப்பு'ன்னு போட்டோம். ஊருக்கு போன் போட்டா டொய்ங் டொய்ங்குனு கெடக்குது. நான் போறேன் சார்னேன். "நீ போனா யாருய்யா வெட்டுறது, அரை மணி நேரம் இருய்யா"ன்னாரு. அரை மணி அரை மணியா சாயங்காலம் வரைக்கும் உக்கார வச்சாரு. நான் வெட்டினேன். வந்தது எல்லாத்தையும் வெட்டினேன். திருப்ப வேண்டியதைத் திருப்பினேன்.

அதுல ஒரு ஷாட். யாரோ வெளிநாட்டுக்காரன் ஒருத்தன், எங்கயோ மாடியில நின்னு எடுத்திருக்கான். கீழ ஒரு மண் ரோடு, ரோட்டுக்கு அந்தாண்ட வெள்ளை மதில். ஒரு சைக்கிள் விழுந்து கெடக்கு. ஒரு பொம்பளை தனியா ஓடுறா. அவ்வளவுதான். நல்ல ஷாட்டுன்னு மூணு தடவை போட்டேன். ராத்திரி பஸ் ஏறிப் போனேன், மறுநாள் சிந்துவைத் தேடி எடுத்தோம். கரையிலயே கெடந்தா. சோழி பொறுக்கப் போனவ. கையில... வேண்டாம், விடுங்க.

மரகதம் கிடைக்கலை.

கிடைக்கவே இல்லை. குழிக்குள்ள ஒண்ணா போட்டுப் புதைச்சாங்களே, அங்கயும் நின்னு ஒவ்வொண்ணா பாத்தேன். ஆஸ்பத்திரி எல்லாம் பாத்தேன். பதினாறு முடிஞ்சு வேலைக்கு வந்து உக்காந்தா, பழைய படத்தை மறுபடி போடச் சொல்றாங்க. அந்த ஷாட்டு வருது. வெள்ளை மதில். படத்தை அப்படியே நிறுத்தி வச்சுப் பாத்தேம்மா. அது எங்க மாமனார் வீட்டுப் பக்கத்துல ஐஸ் கம்பெனி மதிலு. ஓடுறது மரகதம். காப்பிக் கலர்ல மஞ்ச பார்டர், தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலை. ஒரு செகண்டு மேல பாக்குறா, அந்த மாடியைப் பாத்து. அவளேதான். அன்னிக்கு வெட்டுற அவசரத்துல நான் முகத்தையே பாக்கலை.

எப்படி ஓடுறா தெரியுமா? இடமிருந்து வலமா. அந்த மாடியில நின்னு பாத்தா இடது கைப்பக்கம் கடலு, வலது கைப்பக்கம் பஸ் வர்ற மெயின் ரோடு. நான் அந்த மாடியில போயே நின்னு பாத்துட்டேன். கடலை விட்டுட்டு மெயின் ரோட்டைப் பாத்து ஓடுறா. தப்பிச்சிட்டாம்மா! மெயின் ரோடு வரைக்கும் தண்ணியே வரலை. அப்ப உயிரோட இருக்கா. எங்கயோ இருக்கா.

இப்ப நீங்க கேப்பீங்க, உயிரோட இருந்தா வீட்டுக்கு வர மாட்டாளான்னு. எல்லாரும் அதான் கேக்குறாங்க. எப்படி வருவா? பிள்ளையைக் கரையில விட்டுட்டு ஓடினவ, என் மூஞ்சியில எப்படி முழிப்பா? வெக்கம். பயம். நான் ஏதாவது கேட்டுடுவேனோன்னு. நான் கேக்கவே மாட்டேன்மா. நான் மன்னிச்சு எத்தனை வருஷமாச்சு. உயிர் பயம் வந்தா யாரா இருந்தாலும் ஓடத்தான் செய்வாங்க. நான் இருந்தாலும் ஓடியிருப்பேன். இதை அவகிட்ட எப்படியாவது சொல்லிடணும், அவ்வளவுதான் என் ஆசை.

என் மச்சினன் தேவராசு, மரகதத்தோட தம்பி, அன்னியோட என்கூடப் பேச்சை விட்டுட்டான். "மாமா, எங்க அக்கா பிள்ளையை விட்டுட்டு ஓடுற ஜென்மமா? உயிரோட இருக்கான்னு சொல்றதுக்காக அவளை இப்படிப் பேசுவீங்களா?"ன்னு நடுத்தெருவுல சட்டையைப் பிடிச்சான். போடான்னு வந்துட்டேன். அவன் என்னத்தைக் கண்டான். படம் என்கிட்ட இருக்கு, அவன்கிட்டயா இருக்கு?

அதுக்கப்புறம் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? நிகழ்ச்சி உலகம் பூரா போகுதுல்ல? எங்க வெள்ளம் வந்தாலும் அவளைச் சேத்துடுவேன். புயல், அணை உடைஞ்சது, நிலநடுக்கம், எதுவா இருந்தாலும் நடுவுல மரகதம் ஓடுவா. மூணு தடவை. யாராவது ஒருத்தர் பாத்துட்டு, அட இந்தப் பொண்ணு எங்க பக்கத்து வீட்ல இருக்கேன்னு சொல்ல மாட்டாங்களா? இல்ல, அவளே பாத்துட்டு, ஐயோ இவர் இன்னும் என்னைத் தேடுறாரேன்னு நெனக்க மாட்டாளா? பத்து வருஷத்துக்கு மேல ஓட வச்சேன். பரஞ்சோதி சாருக்குத் தெரியும். ஒரு நாளும் ஒண்ணும் சொல்லலை. அன்னிக்கு என்னை உக்கார வச்சவர்தானே, எந்த வாயால சொல்லுவாரு.

அவர் ரிடையர் ஆனதும் இந்த மேடம் வந்தாங்க. செட்டு மாறிச்சு, கண்ணாடி மேஜை, பின்னாடி பெரிய திரை. வாசிக்கிறவங்க நடந்துக்கிட்டே வாசிச்சாங்க. இப்ப போன்ல பாக்குறதுக்குன்னு படத்தை ரெண்டு பக்கமும் நறுக்கி ஒல்லியா ஆக்குறாங்க. அப்படி நறுக்கினா ஓடுறவங்க எங்கிருந்து வர்றாங்க எங்க போறாங்கன்னே தெரியாது, நடுவுல நின்னு துடிக்கிற மாதிரி இருக்கும். போகட்டும். தென் அமெரிக்காவுல ஏதோ வெள்ளம்னு ஒரு நாள் போட்டப்ப, ஒரு ஆள் மெயில் போட்டுட்டான், "அந்த ஊர்ல மஞ்ச பார்டர் சேலை கட்டுவாங்களா?"ன்னு. விசாரணை வச்சாங்க. பழைய ஷாட்டை எல்லாம் நோண்டினாங்க. மரியாதையா போயிடுங்க சார்னாங்க, போயிட்டேன். இப்ப கல்யாண வீடியோ வெட்டுறேன். அதுல யாரும் ஓடுறதில்லை.

சரி, இப்ப வந்தது எதுக்குன்னா, கேளுங்க அநியாயத்தை. இருபது வருஷ நினைவுன்னு இன்னிக்கு 'கடல் கடந்து'ல சிறப்பு நிகழ்ச்சி. அதுக்கு ஒரு வாரமா விளம்பரம் ஓடுது. முந்தாநாள் டீக்கடையில நின்னுக்கிட்டிருக்கேன், மரகதம் வர்றா. பளபளன்னு, புதுசா துடைச்ச மாதிரி, மதில்ல ஒட்டின பல்லி கூடத் தெரியுது. ஆனா அப்படியே பக்கத்தை மாத்திட்டானுங்க! வலமிருந்து இடமா ஓட விட்டிருக்கானுங்க. கடலைப் பாத்து! என் பொண்டாட்டியைக் கடலுக்குள்ள ஓட விட்டிருக்கானுங்கம்மா! கையில இருந்த கிளாஸைக் கீழ போட்டு உடைச்சிட்டேன். டீக்கடைக்காரர் திட்டுறாரு, எனக்குக் காதுல விழலை.

உடனே போன் போட்டேன். எடிட்டிங்ல இருக்கிற பையன் சொல்றான், "சார், ஏஜென்சியில இருந்து ஒரிஜினல் வாங்கினோம். ஒரிஜினல் அப்படித்தான் சார் இருக்கு. நீங்க அப்ப திருப்பியிருப்பீங்க." யாருகிட்ட வந்து ஒரிஜினல்ங்கிறான்! நான் திருப்பலை. அன்னிக்கு எத்தனையோ ஷாட்டு திருப்பினேன், இதைத் திருப்பலை. இது தானாவே இடமிருந்து வலமா ஓடுற ஷாட்டு. ஞாபகம் இருக்கான்னா... அன்னிக்கு எது ஞாபகம் இருக்கும்? கை தானாப் போற வேலைன்னு சொன்னேன்ல. ஆனா இது எனக்குத் தெரியும்மா. என் பொண்டாட்டி எந்தப் பக்கம் ஓடினான்னு எனக்குத் தெரியாதா?

அதான் வந்திருக்கேன். ஒரு மணிக்கு நிகழ்ச்சி. அதுக்குள்ள மேடத்தைப் பாத்து, கால்ல விழுந்தாவது அந்த ஒரு பட்டனை அமுக்கச் சொல்லணும். ஒரே பட்டன். அவ பாட்டுக்கு ரோட்டுக்குப் போயிடுவா.

இங்க பாருங்க, என் போன்ல பழசு இருக்கு. நான் வச்சிருக்கிறது. பாருங்க... இந்தா... ஓடுறாளா? மறுபடி போடுறேன். இதோ மேல பாக்குறா.

என்ன, ஏன் அப்படிப் பாக்குறீங்க? சொல்லுங்க.

மாராப்பா?

ஹும். நீங்களும் அதைத்தான் சொல்றீங்க. மேக்கப் போட பாக்கியம்னு ஒரு அம்மா இருந்தாங்க, அவங்களும் அப்பவே கேட்டாங்க. "ஏண்ணே, இந்தப் பொண்ணு வலது தோள்ல மாராப்பு போட்டிருக்கே, வடக்கத்திப் பொண்ணா?"ன்னு. பொம்பளைங்களுக்குக் கண்ணு முதல்ல அங்கதான் போகும் போல. அவசரம்மா. கடல் துரத்துது, எந்தத் தோள்னு பாத்தா கட்டிக்கிட்டு இருப்பா? காத்துல பறந்திருக்கும். எடுத்து இந்தப் பக்கம் போட்டிருப்பா. உங்களுக்கு இடது தோள்னா எல்லாருக்கும் இடது தோளா?

மூக்குத்தி எந்தப் பக்கம்னு கேக்காதீங்க. படத்துல அவ்வளவு தெளிவாத் தெரியாது.

மணி என்ன? ஐயோ. ஏம்மா, ஏ பொண்ணு, ரிசப்ஷன்! மேடம் வந்தாச்சான்னு கேளும்மா! ஒரு நிமிஷம் போதும்னு சொல்லு. என்ன? நிகழ்ச்சி முடிஞ்சதும் பாக்குறாங்களாமா? முடிஞ்சப்புறம் எதுக்கு? முடிஞ்சப்புறம் நான் எதுக்கு அவங்களைப் பாக்கணும்?

பாருங்கம்மா, டிவி சத்தத்தைக் கூட்டுறா. ஆரம்பிச்சாச்சு. அந்த டொம் டொம்மு, அது நான் சேத்த மியூசிக்தான், அதை விடலை இன்னும்.

நான் பாக்க மாட்டேன். இப்படித் திரும்பி உக்காந்துக்குறேன். நீங்க பாருங்க. வெள்ளை மதிலு வந்தா சொல்லுங்க. ஒருவேளை திருத்தியிருப்பாங்க. நான் போன்ல அத்தனை கத்தினேன்ல, அந்தப் பையன் நல்ல பையன்தான், திருத்தியிருப்பான். வாசிக்கிற பொண்ணு என்ன சொல்லுது? அன்று பதிவான சத்தத்தோடவா? சத்தம் ஏது அதுல? சத்தம் கிடையாதேம்மா. நான்தான் அழிச்சு வயலின் போட்டேனே.

வந்துடுச்சா? மதிலா? எந்தப் பக்கம்? எந்தப் பக்கம் ஓடுறா, சொல்லுங்கம்மா, ஏன் வாயைப் பொத்திக்கிறீங்க?

...

இருங்கம்மா. பேசாதீங்க.

அது... அது மரகதம் குரலு. இருபது வருஷமாச்சு அந்தக் குரலைக் கேட்டு. என்ன சொல்றா? "சிந்தூ"ங்கிறா. "ஏ சிந்தூ, வாடீ"ங்கிறா. பிள்ளையைக் கூப்பிடுறா. ஓடிக்கிட்டே கூப்பிடுறா. ரோட்டைப் பாத்து ஓடுறவ எதுக்கும்மா பிள்ளையைக் கூப்பிடுறா? பிள்ளை கரையிலல்ல இருக்கு?

ரிசப்ஷன், சத்தத்தைக் குறைம்மா. குறைச்சுடும்மா தயவுபண்ணி. இல்ல. வேண்டாம். குறைக்காதே, இருக்கட்டும்.

தேவராசு சட்டையைப் பிடிச்சான். நான் அவளை மன்னிச்சேன்னேன். இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், மன்னிச்சேன்னு. பாவி, அவளைப் போய் மன்னிச்சேனே.

உஷ், இருங்க. ரெண்டாவது தடவை போடுறான். கேளுங்க, கேட்டீங்களா, பிள்ளையைத்தான் கூப்பிடுறா. இன்னொரு தடவை வரும். மூணு தடவை போடுறதுதான் எங்க வழக்கம். நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா, நான் டிவி பக்கம் திரும்பி உக்காந்துக்குறேன்.